கரோனரித் தமனி எங்கே முளைக்கிறது, எந்த வழியில் போகிறது: பெரியவர்களின் பிறவிக் கோளாறுகளை சிடியில் கண்டறிய முழுமையான வழிகாட்டி

இதயத் தமனிகளுக்குள் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுப் படமெடுக்கும் கேத் லேபில் இருந்து ரேடியாலஜிக்கு வரும் சீட்டில் சில நேரம் இப்படி ஒரு வரி இருக்கும்: “ரைட் கரோனரி கிடைக்கவில்லை, சிடி ஆஞ்சியோ தேவை.” மணிக்கட்டு வழியாகக் கத்தீட்டரை விட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக நாலைந்து வடிவங்களை முயன்றும், வலது தமனியின் வாய் (அது மகாதமனியிலிருந்து கிளம்பும் துளை) இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் மாட்டவில்லை என்று அர்த்தம். பெரியவர்களிடம் கரோனரித் தமனிகளின், அதாவது இதயத் தசைக்கே ரத்தம் தரும் தமனிகளின், பிறவிக் கோளாறு தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான். இல்லையென்றால் நெஞ்சுவலிக்காக எடுத்த சிடியில், யாரும் தேடாமலே கண்ணில் படும்.

இது அத்தனை அபூர்வமும் இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் 1,26,595 பேரின் ஆஞ்சியோகிராம்களை அலசி 1990இல் வெளியிட்ட தொகுப்பில் 1.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கரோனரிக் கோளாறு இருந்தது. அதில் பெரும்பகுதி ஆளை ஒன்றும் செய்யாதவை. மிச்சம்தான் பிரச்சினை. கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச் பத்தாண்டுகள் என்பிஏவில் ஆடி ஓய்வு பெற்றவர். 1988 ஜனவரி 5 அன்று கலிபோர்னியாவின் பாசடேனாவில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து இறந்தார். வயது 40. பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு இடது கரோனரித் தமனியே பிறவியில் இல்லை என்று தெரிந்தது.

இன்றைக்கு அப்படி ஒருவரை ஸ்கேன் அறையில் படுக்க வைத்தால் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். ஆனால் “கோளாறு இருக்கிறது” என்று சொல்வது பாதி வேலைகூட இல்லை. இது ஆளைக் கொல்லக்கூடிய வகையா, வாழ்நாள் முழுக்கச் சும்மா இருக்கப்போகும் வகையா என்று பிரித்துச் சொல்வதுதான் முழு வேலை. தமனியின் வாயையும் அது போகும் வழியையும் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். ரேடியாலஜி, கார்டியாலஜி படிப்பவர்களையும் சிடி டெக்னீஷியன்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

இயல்பான அமைப்பு, ஒரு நிமிடத்தில்

மகாதமனியின் அடியில் மூன்று சைனஸ்கள், அதாவது பைபோன்ற புடைப்புகள். முன்பக்கம் இருப்பது வலது சைனஸ். அதிலிருந்து வலது கரோனரி கிளம்பும். இடப்பக்கம் பின்னால் இருப்பது இடது சைனஸ். அதிலிருந்து லெஃப்ட் மெயின் என்ற இடது தண்டு கிளம்பி, எல்ஏடி (இதயத்தின் முன்பக்கம் இறங்குவது), சர்கம்ஃப்ளெக்ஸ் (இடப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போவது) என்று இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் பின்னால், இரண்டு ஏட்ரியங்களுக்கும் (இதயத்தின் மேலறைகளுக்கும்) நடுவிலுள்ள சுவரை ஒட்டி இருக்கும் மூன்றாவதில் தமனி எதுவும் முளைக்காது. மகாதமனிக்கு முன்னால், சற்று இடப்புறமாக நுரையீரல் தமனியின் தண்டு. பின்னால் இடது ஏட்ரியம். தவறான இடத்தில் முளைத்த தமனி தன் ஊருக்குப் போய்ச்சேர இவற்றைச் சுற்றித்தான் வழி தேட வேண்டும். அதனால் இந்தப் படம் மனதில் பதிந்தாலே பாதி குழப்பம் தீரும்.

படி 1: ஸ்கேனுக்கு முன்

குறைந்தது 64 ஸ்லைஸ் எந்திரமும் இசிஜி கேட்டிங்கும் (இதயத் துடிப்போடு ஒத்திசைத்துப் படமெடுப்பது) வேண்டும். சாதாரண நெஞ்சு சிடியில் தமனியின் வாய் துடிப்பில் கலங்கிப்போகும். அதை வைத்து எதையும் உறுதி செய்யாதீர்கள்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்குக் கீழே வருவது நல்லது. வழக்கமாக ஒரு மணி நேரம் முன்னால் 50 முதல் 100 மி.கி. மெட்டோபிரோலால் மாத்திரை கொடுப்பார்கள். ஆஸ்துமா, ஹார்ட் பிளாக், ரத்த அழுத்தம் மிகக் குறைவு என்றால் அது கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவாபிராடின் போன்ற மாற்று உண்டா என்று கார்டியாலஜிஸ்ட்டிடம் கேட்க வேண்டும். தமனிகள் விரிந்து தெளிவாகத் தெரிய, ஸ்கேனுக்குச் சற்று முன் நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்பது வழக்கம். இங்கே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: சில்டெனாஃபில் வகை மாத்திரை எதுவும் சாப்பிட்டீர்களா? மனைவியோ மகனோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே அழைத்துத் தனியாகக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கான்ட்ராஸ்ட் எனும் படத்தைத் தெளிவாக்கும் மருந்துக்குப் பழைய அலர்ஜி, பெண்களிடம் கர்ப்பம் பற்றிய கேள்வி ஆகியவை எல்லா கான்ட்ராஸ்ட் சிடிக்கும் உள்ளவைதான். வலது முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்). புறங்கையில் போட்ட மெல்லிய ஊசி மருந்து பாயும் வேகத்தைத் தாங்காது.

அப்புறம் மூச்சுப் பயிற்சி. இதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். “மூச்சை இழுங்க, அடக்குங்க” என்று சொல்லி இரண்டு தடவை ஒத்திகை பார்த்து, அப்போது மானிட்டரில் துடிப்பு எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். நெஞ்சு முட்ட இழுத்தால் சிலருக்குத் துடிப்பு எகிறும். அளவான மூச்சே போதும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதுபோலக்கூட இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஆள் பதறமாட்டார். அந்தப் பதற்றத்தில் துடிப்பு பத்து கூடினாலும் ஒரு மணி நேரம் காத்திருந்தது வீண்.

படி 2: ஸ்கேன் எடுப்பது

அயோடின் கான்ட்ராஸ்ட் 60 முதல் 80 மி.லி., நொடிக்கு 5 மி.லி. வேகத்தில், பின்னாலேயே சலைன். சலைன் வலப்பக்க அறைகளில் தேங்கிய மருந்தைக் கழுவிவிடுவதால் வலது கரோனரியின் மேல் கோடுகோடாகக் குறுக்கீடு விழாது. இன்னொரு பயனும் உண்டு: நுரையீரல் தமனி மங்கலாகவும் மகாதமனி பளிச்சென்றும் இருந்தால், கரோனரியிலிருந்து நுரையீரல் தமனிக்குள் கசியும் பிரகாசமான பீச்சு தனியாகத் தெரியும். எல்லா அறைகளும் ஒரே வெளுப்பாக இருந்தால் அந்தத் தடயம் தொலைந்துவிடும்.

மேலே மூச்சுக்குழல் பிரியும் இடத்தில் தொடங்கி இதயத்தின் அடிவரை எடுத்தால் பெரும்பாலும் போதும். இளைஞர்களுக்கு முதலில் எடுக்கும் கால்சியம் ஸ்கேனை (தமனியின் சுண்ணாம்புப் படிவை அளப்பது) தவிர்க்கலாம். ஒல்லியானவர்களுக்கு எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தம் 100 கேவி அல்லது அதற்கும் கீழே போனால் கதிர்வீச்சும் குறையும், மருந்தும் பளிச்சென்று தெரியும்.

எந்த நேரத்துப் படம் என்பதுதான் முக்கியமான முடிவு. வெறும் அடைப்பைத் தேடும்போது இதயம் தளரும் கட்டத்தில், ஒரு துடிப்பின் ஏறக்குறைய 70 முதல் 75 சதவீதத்தில் ஒரு படம் போதும். கோளாறு இருப்பது முன்பே தெரிந்து, அது ஆபத்தானதா என்று பார்க்க வந்திருந்தால், சுருங்கும் கட்டமும் வேண்டும். அதாவது 35 முதல் 75 சதவீதம் வரை. தமனியின் வாய் துடிப்போடு துடிப்பாக நசுங்குகிறதா என்று அப்போதுதான் தெரியும். கதிர்வீச்சு கொஞ்சம் கூடும். வாழ்நாளில் ஒருமுறை எடுக்கும் முக்கியமான முடிவுக்காக அது தகும் என்பது என் கருத்து. அதே ஆளை மறுபடி கூப்பிட்டு எடுத்தால் இன்னும் அதிகமல்லவா ஏறும்?

ஸ்லைஸ் தடிமன் 0.5 முதல் 0.75 மி.மீ.; படப்பரப்பை இதயத்தின் அளவுக்குச் சுருக்கி 20 செ.மீ. அளவில் வைத்தால் நுணுக்கம் கூடும்.

படி 3: வாய்களை எண்ணுவது

முப்பரிமாண வண்ணப் படத்தைக் கடைசியில் பாருங்கள். அழகாக இருக்கும், நோயாளிக்குக் காட்ட உதவும். ஆனால் முடிவெடுக்க அல்ல. தமனியைச் சுற்றி கொழுப்பா, தசையா, மகாதமனியின் சுவரா என்பதை அது மறைத்துவிடும்.

குறுக்குவெட்டுப் படங்களை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். முதலில் மகாதமனி வால்வுக்கு இதழ் மூன்றா, இரண்டா. அடுத்து, எத்தனை வாய், எந்தெந்த சைனஸில். சாய்வான வெட்டை வாய்க்கு நேராகத் திருப்பி, மூன்று சைனஸ்களும் ஒரே படத்தில் தெரியும்படி நிறுத்தினால் ஐயம் தீரும். இரண்டு சைனஸ்கள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே முளைக்கும் வலது கரோனரி ஏமாற்றும். சாதாரணக் குறுக்குவெட்டில் அது வலது சைனஸிலிருந்து வருவதாகவே தோன்றும்.

பயப்பட வேண்டாத சிலவற்றை இங்கேயே ஒதுக்கிவிடலாம். வலது சைனஸில் கோனஸ் கிளைக்கு (வலது கீழறையின் மேல்பகுதிக்கு ரத்தம் தரும் சிறு கிளை) தனி வாய் இருப்பது சாதாரணம். லெஃப்ட் மெயின் இல்லாமல் எல்ஏடியும் சர்கம்ஃப்ளெக்ஸும் தனித்தனி வாயோடு கிளம்புவதும் தீங்கற்றது; கிளீவ்லாண்ட் தொகுப்பில் அதிகம் காணப்பட்டதே இதுதான். வாய் சைனஸுக்கு மேலே, குழாய்ப் பகுதி தொடங்கும் கோட்டிலிருந்து 1 செ.மீ.க்கும் உயரத்தில் இருந்தால் அதை எழுதிவையுங்கள். பிற்காலத்தில் மகாதமனியில் கிளாம்ப் (இடுக்கி) போடும் அறுவை நிபுணருக்குத் தேவைப்படும்.

மொத்தமே ஒரு வாய்தான் என்றால் ஒற்றைக் கரோனரி. 1979இல் லிப்டன் குழு தந்த குறியீட்டு வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் உள்ளது. குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், எந்தக் கிளை எந்த வழியில் போகிறது என்று சொற்களிலும் எழுதுங்கள்.

படி 4: வழியைப் பின்தொடர்வது

எதிர்ப்பக்க சைனஸில் முளைத்த தமனிக்குப் பொதுவாக நான்கு வழிகள். நுரையீரல் தமனிக்கு முன்னால் சுற்றிப்போவது ஒன்று. தீங்கற்றது, ஆனால் நெஞ்சைத் திறக்கும் அறுவையில் வெட்டுப்படும் இடத்தில் இருக்கும். மகாதமனிக்கும் இடது ஏட்ரியத்துக்கும் நடுவே பின்னால் போவது இரண்டாவது. வலது சைனஸிலிருந்தோ வலது கரோனரியிலிருந்தோ கிளம்பும் சர்கம்ஃப்ளெக்ஸ் ஏறக்குறைய எப்போதும் இந்த வழியில்தான் போகும். ரத்த ஓட்டத்துக்குக் கேடில்லை. வால்வு மாற்றும்போது தையலிலோ வால்வின் வளையத்திலோ அது நசுங்கலாம் என்பது மட்டும்தான் கவலை. சைனஸ் நோடுக்கு (துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சு) போகும் கிளையும் சிலருக்கு மகாதமனிக்குப் பின்னால் ஓடும். அதைப் பார்த்து சர்கம்ஃப்ளெக்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவதும் நான்காவதும்தான் தலைவலி. ஒன்று மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே போகும் வழி; மற்றது நுரையீரல் வால்வுக்குக் கீழே இறங்கித் தசைக்குள் புகுந்து போகும் வழி. முதல் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது ஆபத்தானது, இரண்டாவது பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டையும் மாற்றி எழுதினால் ஒருவருக்குத் தேவையில்லாத திறந்த இதய அறுவை நடக்கும், இன்னொருவருக்குத் தேவையான அறுவை நடக்காது.

பிரித்தறிய, பக்கவாட்டுச் சாய்வு வெட்டில் நுரையீரல் வால்வு இருக்கும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தமனி அந்த மட்டத்திலோ மேலேயோ கடந்தால் இடைவழி. அதற்குக் கீழே சரிந்து இறங்கி, சுற்றிலும் தசையோ கொழுப்போ சூழ, உருண்டையான குறுக்குவெட்டோடு போய், கடைசியில் முன்பக்கப் பள்ளத்தில் மேலே எழுந்தால் அது தசைவழி.

படி 5: இடைவழி என்றால், வாயை அளப்பது

இரண்டு பெருங்குழாய்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தமனி நசுங்குகிறது என்றுதான் வெகுகாலம் விளக்கம் சொன்னார்கள். கேட்க எளிது. ஆனால் நுரையீரல் தமனியின் அழுத்தம் மிகக் குறைவு. கரோனரியை நசுக்கும் பலம் அதற்கு இல்லை. ஹூஸ்டனில் பாவ்லோ ஆஞ்சலினி குழுவினர் தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் செலுத்திப் பார்த்துக் காட்டியது வேறு: தமனியின் முதல் சில மில்லிமீட்டர்கள் மகாதமனியின் சுவருக்குள்ளேயே புதைந்து ஓடுகின்றன. ஓடும்போதும் ஆடும்போதும் மகாதமனி விரிய, அந்தப் பகுதி பக்கவாட்டில் தட்டையாகிறது. ஆகவே தேட வேண்டியது அந்தப் புதைந்த பகுதியைத்தான்.

வெட்டுத்தளத்தை மகாதமனிக்கு அல்ல, தமனியின் போக்குக்குச் செங்குத்தாகத் திருப்புங்கள். இல்லாவிட்டால் அளவு எல்லாமே தப்பாகும். விண்டோவையும் (படத்தின் சாம்பல்நிற வீச்சு) அகலமாக, 800 முதல் 1000 வரை வைத்தால்தான் ஓரங்கள் வீங்காமல் தெரியும். பிறகு வாயிலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகருங்கள். இயல்பான தமனி வட்டமாக இருக்கும். சுவருக்குள் புதைந்தது உயரமாக, ஒடுங்கி, சட்டையின் பொத்தான் ஓட்டைபோல நிற்கும். அதற்கும் மகாதமனிக்கும் நடுவே கறுப்பாகக் கொழுப்பு தெரியாது. கொழுப்பு எங்கே மறுபடி தோன்றுகிறதோ, அங்கே தமனி சுவரை விட்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். வாயிலிருந்து அதுவரை உள்ள தூரமே புதைந்த பகுதியின் நீளம்.

குறித்துக்கொள்ள வேண்டியவை இவை: வாயின் நீள, அகல விட்டங்கள், மிகச் சிறிய இடத்தின் பரப்பளவும், அதற்கு அப்பால் இயல்பாக உள்ள பகுதியின் பரப்பளவும், கிளம்பும் கோணம், 45 டிகிரிக்குக் கீழே என்றால் கூர்ங்கோணம், புதைந்த பகுதியின் நீளம். சுருங்கும் கட்டத்திலும் தளரும் கட்டத்திலும் அதே இடத்தை அளந்து ஒப்பிடுங்கள். கோடுபோன்ற வாய், கூர்ங்கோணம், சுவருக்குள் புதைவு மூன்றும் சேர்ந்து வந்தால் அது ஆபத்து மிகுந்த அமைப்பு.

எந்தத் தமனி என்பதும் கணக்கில் வரும். வலது கரோனரி இடது சைனஸில் முளைப்பதுதான் அதிகம். லெஃப்ட் மெயின் வலது சைனஸில் முளைத்து இடைவழியில் போவது அரிது, ஆனால் அதிகம் கொல்வது அதுதான். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இக்கோளாறால் திடீரென இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வில் 23 பேருக்கு இடது தமனிக் கோளாறு. அவர்களில் உயிரோடு இருந்தபோது இசிஜியும் டிரெட்மில்லும் எடுத்திருந்தவர்களுக்கு அவை இயல்பாகவே இருந்தன. விளையாடும்போது மயங்கி விழுந்த இளைஞரை “டிஎம்டி நார்மல்” (டிரெட்மில் சோதனை இயல்பு) என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

படி 6: மற்ற கோளாறுகள், சுருக்கமாக

இடது கரோனரி நுரையீரல் தமனியிலிருந்து முளைப்பதை பிளாண்ட், வைட், கார்லண்ட் மூவரும் 1933இல் விவரித்தார்கள். மூன்று லட்சம் பிறப்புகளில் ஒன்று என்ற அளவுக்கு அபூர்வம். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உயிரைப் பறிக்கும். பெரியவராகும் வரை பிழைத்திருப்பவரின் சிடியைப் பார்த்தவுடன் சந்தேகம் வரும்: வலது கரோனரி பருத்து, முறுக்கிக்கொண்டு, நடுச்சுவரில் எங்கும் இணைப்புக் குழாய்களாக இருக்கும். லெஃப்ட் மெயினைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் அது நுரையீரல் தமனியின் தண்டில் போய்ச் சேரும். இடது வென்ட்ரிக்கிளின் (கீழறையின்) உட்சுவர் மெலிவு, மைட்ரல் வால்வுக் கசிவின் அடையாளங்களையும் பாருங்கள்.

கரோனரி பருத்து முறுக்கியிருந்து, முளைத்த இடம் சரியாக இருந்தால் ஃபிஸ்டுலாவை (தமனி இதய அறைக்குள்ளோ வேறு குழாய்க்குள்ளோ நேராகத் திறக்கும் தவறான இணைப்பு) தேடுங்கள். எங்கே வடிகிறது என்பதுதான் கேள்வி; பெரும்பாலும் வலப்பக்க அறைகளிலோ நுரையீரல் தமனியிலோ.

எல்ஏடியின் நடுப்பகுதி தசைக்குள் முழுகியிருப்பது சிடியில் அடிக்கடி தென்படும். பெரும்பாலோருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நீளமும் ஆழமும் எழுதினால் போதும். இதன் பெயரான “மயோகார்டியல் பிரிட்ஜ்” என்ற சொல்லை இணையத்தில் தேடித் தூக்கம் கெட்டவர்கள் நிறைய.

படி 7: ரிப்போர்ட்

“வலது கரோனரியின் பிறப்பிடம் மாறியுள்ளது” என்று முடியும் ரிப்போர்ட்டை வைத்து கார்டியாலஜிஸ்ட் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: “வலது கரோனரி இடது சைனஸிலிருந்து தனி வாயுடன் கிளம்புகிறது. நுரையீரல் வால்வு மட்டத்துக்கு மேலே இடைவழியில் செல்கிறது. கிளம்பும் கோணம் 25 டிகிரி. வாய் கோடுபோல் உள்ளது, 1.4 க்கு 4 மி.மீ.; சுவருக்குள் புதைந்த நீளம் 9 மி.மீ.; அதற்கு அப்பால் விட்டம் 3.5 மி.மீ. கொழுப்புப் படிவு இல்லை. வலது தமனியே ஆதிக்கத் தமனி.” (ஆதிக்கத் தமனி என்றால் இதயத்தின் பின்பக்கக் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் தருவது.) இதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு முடிவுக்கு உதவும். தமனியில் அடைப்பு உள்ளதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். ஐம்பது வயதுக்காரரின் நெஞ்சுவலிக்குப் பிறவிக் கோளாறைவிட எல்ஏடி அடைப்பே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சிடி அமைப்பைக் காட்டும். ரத்தம் பற்றவில்லையா என்று சொல்லாது. அதற்கு உடற்பயிற்சியோ டோபுடமினோ (இதயத் துடிப்பைக் கூட்டும் மருந்து) கொடுத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் பரிசோதனை தேவை. 2018இல் வந்த அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டல்படி, எதிர்ச் சைனஸில் முளைத்த தமனியால் அறிகுறிகளோ ரத்தக் குறைவுக்கான சான்றோ இருந்தால் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். இடது தமனி வலது சைனஸிலிருந்து வந்தால் சான்று இல்லாவிட்டாலும் அறுவை நியாயமே. வலது தமனி, அறிகுறி இல்லை, வயதும் ஆகிவிட்டது என்றால் கவனித்துக்கொண்டு இருப்பதும் ஒரு வழி. அறுவையில் பெரும்பாலும் புதைந்த பகுதியின் கூரையைத் திறந்துவிடுவார்கள். அதற்கு அவர்கள் முதலில் தேடுவது உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அந்த 9 மி.மீ. என்ற எண்ணைத்தான்.

கடைசியாக, நோயாளி கையில் கொடுக்க வேண்டியது. ஃபிலிம் மட்டும் போதாது. அதில் வெட்டைத் திருப்பிப் பார்க்க முடியாது. மெல்லிய ஸ்லைஸ்கள் முழுவதையும், இரண்டு கட்டப் படங்களோடு, டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ போட்டுக் கொடுங்கள். இனி எப்போது ஆஞ்சியோ செய்தாலும், வால்வு அறுவை என்று வந்தாலும், கத்தீட்டரை எடுப்பதற்கு முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.